படத்தில் விழாதவர்கள்

பிரயாணம் போய் வந்தவர்களை “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்ட காலம் போய், “எத்தனை படம் எடுத்தீர்கள்?” என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது. சட்டைப் பையில் கைபேசியும், கைபேசிக்குள் காமிராவும் குடியேறிய பிறகு, இக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. நாம் இதைக் குறை கூறவில்லை. படம் எடுப்பது நல்ல காரியமே. ஆனால் அப்படங்களில் விழுகிறவர் யார், விழாதவர் யார் என்பதைச் சற்று யோசிக்கலாம் என்பதே நம் விண்ணப்பம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயரை நினைத்துக்கொள்வோம். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த அவர், 1858-ஆம் ஆண்டில் கோயிலின் அடித்தளத்துச் சாசனங்களைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டு அசையாது, அழகாக விழுந்தது. அந்நாளில் ஒரு படம் பதிவதற்கு வெகுநேரம் பிடிக்கும். ஆகையால் நடமாடும் மனிதர் படத்தில் மங்கலாக விழுவார். அல்லது விழவே மாட்டார். விளக்கேற்றியவரும் பிராகாரம் பெருக்கியவளும் எதிரிலேயே நடந்திருந்தாலும், காமிராவைப் பொறுத்த வரையில் அவர்கள் இல்லாதவர்களே.

காமிரா ஒரு மனிதரைத் தேடிப் போன கதைக்கு நம்மவர் ஒருவரையே உதாரணம் காட்டலாம். கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியடிகளின் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், மகாத்மாவைப் பற்றி ஒரு திரைப்படம் தயாரிக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு உதித்தது. பிறகு ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்தார். பல தேசங்களில் யார் யாரோ எடுத்து வைத்திருந்த சுருள்களைத் தேடி, 50,000 அடி பிலிம் திரட்டினார். 1940-இல் படம் வெளியாயிற்று. இவ்வளவு அலைந்தவர் தம் பிரயாண நூல்களில் தம்மைப் பற்றிச் சொல்லியிருப்பது மிகச் சொற்பம்.

மகாத்மாவுக்கு ஒரு செட்டியார் கிடைத்தார். நம் வீட்டு அடுப்பங்கரையில் இருப்பவருக்கு யார் கிடைப்பார்?

நம் தாயார் காலமானபோது சுவரில் மாட்ட ஒரு படம் தேவைப்பட்டது. பெட்டியில் படங்களுக்குக் குறைவில்லை. கன்னியாகுமரியில் நின்ற படம், உதகமண்டலத்தில் நின்ற படம், கல்யாணங்களில் நின்ற படம் என்று எல்லாவற்றிலும் நின்றுகொண்டே இருந்தார். ஸ்டூடியோக்காரர் ஒரு கல்யாணக் கும்பலிலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். மாலை போட்டோம். நம் பிள்ளைகளுக்குப் பாட்டி என்றால், விறைப்பாக நிற்கும் அந்த அம்மாள்தான். விடியற்காலையில் மோர் கடைந்துகொண்டே வாய்க்குள் பாடியவரை, அரிசி புடைக்கையில் முறத்தின் தாளத்துக்குத் தலையசைத்தவரை அவர்கள் அறிய வழியில்லை. அக்காலத்துக் குடும்பங்களில் படம் என்பது விசேஷத்துக்கு உரியது. பிலிமும் காசு பிடிக்கும். வேலை செய்யும் கோலத்தில் ஒருவரைப் படம் எடுப்பது மரியாதைக் குறைவு என்றும் கருதினார்கள்.

இன்று பிலிமின் விலையைக் காரணமாகச் சொல்ல முடியாது. கண் இமைப்பதற்குள் படம் விழுந்துவிடுகிறது. ஆயினும் பழைய வழக்கம் போகவில்லை. “கொஞ்சம் நில்லுங்கள், சிரியுங்கள்” என்கிறோம். டிரைப்பின் காமிரா அசையும் மனிதரைப் பிடிக்க முடியாமல் விட்டது. நம் காமிராவோ பிடிக்க முடிந்தும் விட்டுவிடுகிறது.

சென்ற கோடை விடுமுறைக்கு முன்பு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலுள்ள ஒருவரை, அவர் அன்றாடம் செய்யும் வேலையிலேயே, சம்மதம் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். கீழே மூன்று வரி எழுத வேண்டும். சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கும் தகப்பனார் வந்தார். இரவு வேலைக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டும் அக்காள் வந்தாள். முருங்கைக்கீரை ஆயும் பாட்டியும் வந்தார். பாட்டியைப் படம் எடுத்த பையன் மூன்றாம் வரியில் எழுதியிருந்தான்: “பாட்டிக்கு வலது கைச் சுண்டுவிரல் மடங்காது என்பதை இந்தப் படத்தில்தான் பார்த்தேன்.” பதினான்கு வருஷமாக அந்தக் கையால் சோறு உண்டவன் எழுதிய வரி இது!

ஆகவே அன்பர்களே, யாத்திரை போங்கள், கோபுரங்களைத் தாராளமாகப் படம் எடுங்கள். ஆனால் புறப்படுமுன், விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு கட்டுகிற கைகளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம் ஆயிரம் ஆண்டுகளாக அங்கேதான் நிற்கிறது. அதை அடுத்த வருஷமும் எடுக்கலாம்.