நிறுத்தச் சொன்ன கை

திருவண்ணாமலையில் வாழ்வோரின் காதில் நாகசுரம் விழாத நாள் இல்லை. விழுவது வேறு, கேட்பது வேறு என்பதை நாம் உணர்ந்தது மிகவும் பிந்தித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரியில் தமிழ் மன்ற விழா. மங்கல இசைக்கு நம் பழைய மாணவர் ஒருவரை அழைத்திருந்தோம். இவ்வூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுகள் நாகசுரம் பயின்றவர். அவர் தோடியை விரித்துக்கொண்டிருந்தபோது சிறப்பு விருந்தினரின் கார் வாயிலில் வந்து நின்றது. நாம் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னோம். உடனே சீவாளியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார். முகத்தில் வருத்தம் இல்லை, பழகிப்போயிருந்தது. அதுவே நம்மை உறுத்தியது.

அவ்வாண்டு கார்த்திகை தீபத் திருவிழாவில், மாட வீதியில், பஞ்சமூர்த்திகளின் முன்னே கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்துச் சென்ற குழுவில் அவரைக் கண்டோம். பின்னர் பேசுகையில் சொன்னார்: "கல்யாணத்தில் கெட்டிமேளம் வரைக்கும், மேடையில் விருந்தினர் வரும் வரைக்கும். ஒரு ராகத்தை முழுசாக வாசித்து எத்தனையோ நாளாயிற்று ஐயா."

இளங்கலைஞருக்கு விருதுகள் இல்லாமல் இல்லை. 19 முதல் 35 வயது வரையுள்ளோர்க்கு மாவட்டக் கலை மன்றம் 'கலை வளர்மணி' வழங்குகிறது. 40 வயதுக்கு உட்பட்டோர்க்குச் சங்கீத நாடக அகாதெமியின் உஸ்தாத் பிஸ்மில்லா கான் இளைஞர் விருது 2006 முதல் உண்டு. ஆயின் விருது, வளர்ந்தவரை அடையாளம் காட்டுவது. வளர்வதற்கு வேண்டியது மேடையும் பொழுதும்.

1928-இல் மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் முசிறி சுப்பிரமணிய ஐயர் பாட இயலாமற் போனபோது, அவ்விடத்தில் அமர்த்தப்பட்டவர் 18 வயது ஜி.என். பாலசுப்பிரமணியம். 1940-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 'மின்டன்ஸ் பிளேஹவுஸ்' என்னும் விடுதி, இருபதுகளில் இருந்த தெலோனியஸ் மாங்கைத் தன் பியானோ கலைஞராக அமர்த்திக்கொண்டது. 'பீபாப்' என்னும் புதிய ஜாஸ் பாணி உருப்பெற்ற இடங்களுள் அதுவும் ஒன்று. இருவரிடமும் திறமை இருந்தது. அதற்கு யாரோ இடம் விட்டார்கள்.

சென்ற மாசியில் நம் வீட்டு மொட்டை மாடியில் அந்த மாணவரை வாசிக்கச் செய்தோம். தவிலுக்கு அவருடைய நண்பர். கேட்க வந்தோர் முப்பது பேர். கல்லூரிக்கு வரும் பேச்சாளர்க்கு அளிக்கும் தொகையையே ஆளுக்கொரு உறையில் இட்டுக் கொடுத்தோம். முத்துசுவாமி தீட்சிதர் இத்தலத்து அக்கினி லிங்கத்தின் மேல் சாரங்கா ராகத்தில் இயற்றிய 'அருணாசலநாதம்' வாசித்தார். பிறகு தோடி. ஐம்பது நிமிடம். இம்முறை எவரும் கை உயர்த்தவில்லை.

நன்கொடை திரட்டவும் அறக்கட்டளை நிறுவவும் நம்மால் இயலாது. ஆண்டுக்கு ஒரு மாலை இயலும். உங்கள் இல்ல விழாவிலும் நூல் வெளியீட்டிலும் ஓர் இளங்கலைஞருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர் முடிக்கும் வரை பந்தியைத் தொடங்காதீர்கள்.