கடைசி வரியை முதலில் எழுதுவோம்

சமூக அறிவியல் படிக்கப்போகிறேன் என்று என்னிடம் வரும் பிளஸ் டூ பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று பெயர்களோடு வருவார்கள்: ஜே.என்.யூ., டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், சென்னை ஐ.ஐ.டி. மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் இப்போதைக்கு மூன்றிலும் இவர்கள் சேர வழியில்லை. ஜே.என்.யூ.வில் வரலாறு, சமூகவியல், அரசியல் எல்லாம் எம்.ஏ.விலிருந்துதான், பி.ஏ. அங்கே அயல்மொழிகளுக்கு மட்டும். டெல்லி ஸ்கூலும் முதுகலையில்தான் தொடங்குகிறது. ஐ.ஐ.டி.யில் பள்ளி முடித்து நேரே சேர்ந்த ஐந்தாண்டு எம்.ஏ. நிறுத்தப்பட்டுவிட்டது. இந்தப் பெயர்களை நான் அடித்துவிடுவதில்லை. கல்லூரிப் பட்டியல் எழுதும் தாளின் பின்பக்கத்தில் 'டிகிரிக்குப் பிறகு' என்று தலைப்பிட்டு எழுதி வைக்கச் சொல்வேன்.

முன்பக்கத்தைக் கடைசி வரியிலிருந்து தொடங்குவோம். அதாவது, எது நடந்தாலும் கிடைத்துவிடும் இடம். எல்லோரும் இதைக் கடைசியில், அரை நிமிடத்தில் எழுதுவார்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இந்த வரி மற்ற பல மாநிலங்களைவிடத் தெம்பானது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம், நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் தரவரிசை, கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். கேள்வி ஒன்றுதான்: "இது மட்டுமே கிடைச்சா சந்தோஷமாப் போவியாம்மா?" பதில் தயங்கி வந்தால், அது கடைசி வரி ஆகாது. வேறு கல்லூரி தேடுவோம்.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சமூக அறிவியலில் கல்லூரியின் பேர் வேறு, துறையின் தரம் வேறு. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தை இணையத்தில் போட்டிருக்கும். பொருளியல் என்றால் புள்ளியியலும் கணிதமும் எத்தனை பருவத்தில் வருகின்றன, வரலாறு என்றால் வரலாற்றியல் ஒரு தாளாக இருக்கிறதா, சமூகவியல் என்றால் களப்பணி மதிப்பெண்ணோடு இருக்கிறதா, மூன்றாம் ஆண்டில் ஆய்வேடு உண்டா என்று பார்க்கச் சொல்வேன். பிறகு அந்தக் கல்லூரி பஸ் நிறுத்தத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர் யாரையாவது பிடித்து, "நோட்ஸ் இல்லாம கடைசியாப் படிச்ச புத்தகம் எதுண்ணா?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்லும் முகத்திலேயே துறை தெரிந்துவிடும். பேர் தெரியாத ஊர்களில் நல்ல துறைகள் அகப்படுவது இப்படித்தான்.

நடுவில் வருபவை, மதிப்பெண் வந்தால் கிடைக்கக்கூடிய கல்லூரிகள்: தாம்பரம் கிறிஸ்டியன் கல்லூரி, லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை. இங்கே கவனிக்க வேண்டியது எய்டடா, செல்ஃப் பைனான்ஸா என்பது. ஒரே கல்லூரியில் ஒரே பாடம் இரண்டிலும் இருந்தால் கட்டணம் வேறு, போட்டியும் வேறு. அதனால் பட்டியலில் அவை இரண்டு தனி வரிகள். ஹாஸ்டல் செலவைப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மேல் வரிகள், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சியூஇடிக்கு உரியவை. 2022இல் இந்தத் தேர்வு வருவதற்கு முன் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் போர்டு மதிப்பெண்ணே கணக்கு. 2021இல் ஹிந்து கல்லூரி, ராம்ஜஸ் கல்லூரி அரசியல் அறிவியலுக்கு கட்-ஆஃப் 100 சதவீதம். இப்போது கதவு வேறு மாதிரித் திறக்கிறது. மொழித்தாளைத் தமிழிலேயே எழுதலாம். ஃபர்ஸ்ட் குரூப் மாணவர்கூட வரலாறு ஆனர்ஸ் கேட்கலாம். ஆனால் பொருளியல் ஆனர்ஸுக்குக் கணிதம் கட்டாயம். இதைப் பிளஸ் ஒன் சேரும்போதே யோசித்திருக்க வேண்டும். பாடம் என்சிஇஆர்டியிலிருந்து வருகிறது. நம் பிளஸ் டூ வரலாறு நவீன இந்தியாவும் நவீன உலகமும். என்சிஇஆர்டி புத்தகம் ஹரப்பாவில் தொடங்குகிறது. மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு அது இன்னொரு பாடமே. இதே தேர்வின் வழியாக ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு எம்.ஏ.வுக்கும் போகலாம் என்பதால் உழைப்பு ஒரு வரிக்கு மட்டும் போவதில்லை. தனியாகத் தேர்வு வைக்கும் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தையும் சேர்ப்பேன். கட்டணம் பெரிதாகத் தெரிந்தாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள்.

மதிப்பெண் இருந்தும் சான்றிதழால் இடம் போவதுண்டு. நம் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்தியப் பட்டியலில் சாதி இருக்கிறதா என்று பார்த்து, அந்த நிதியாண்டுக்கான ஓபிசி நான்-க்ரீமிலேயர் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்கு அனுப்பிவிடுவேன்.

இன்னொரு சிக்கல் காலண்டர். இங்கே மே மாதமே சேர்க்கை வேலை தொடங்கிவிடும். டெல்லி ஒதுக்கீடு ஜூலை, ஆகஸ்ட் வரை இழுக்கும். ஆகவே கீழ்வரிக் கல்லூரியில் பணம் கட்டி, வகுப்புக்கும் போய்க்கொண்டே மேல்வரிக்குக் காத்திருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் விலகினால் பணம் திரும்பும், டி.சி. எப்போது கிடைக்கும் என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதாத பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

"ஹிஸ்டரி படிச்சு என்ன சார் ஆகப்போறா?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். ஐ.ஏ.எஸ். என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை. தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். எந்த வரியில் சேர்ந்தாலும் அந்த எம்.ஏ. இடங்களுக்குத் தேர்வெழுதலாம் என்று தெரிந்ததும் கடைசி வரியின்மேல் அவர்களுக்கிருந்த பயம் பாதி குறைந்துவிடும்.

டெல்லியின் இட ஒதுக்கீடு, மாணவர் கொடுத்த வரிசையில் கிடைக்கக்கூடிய மிக மேலான இடத்தைத் தருகிறது. அதனால் அங்கே கட்-ஆஃப் பார்த்து வரிசை போடக் கூடாது, விருப்பப்படி போட வேண்டும். முழுப் பட்டியலுக்கும் எனக்கு இதுவே விதி. அந்த வரிசையை நான் போடுவதில்லை, அப்பாவும் போடக் கூடாது. பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே பிள்ளை தன் கையால் எழுதி முடித்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு எழுதினால், எது விருப்பம் எது பயம் என்று அவளாலேயே பிரிக்க முடியாது.