வரிசையில் முந்த ஓர் அட்டை

தில்லி இந்திரா காந்தி விமான நிலையத்தின் மூன்றாவது டெர்மினலுக்கு இரவு, பகல் பேதம் கிடையாது. அதிகாலை நாலரை மணிக்கு சென்னைக்கும் பெங்களூருக்கும் கொச்சிக்கும் கிளம்ப வந்து குவியும் கூட்டம், பொங்கலுக்கு முதல் நாள் பேருந்து நிலையத்தை நினைவுபடுத்தும். 2010இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவர்களைச் சுவரிலிருந்து நீளும் பிரம்மாண்டமான அபிநய முத்திரைகள் வரவேற்கின்றன. உள்நாட்டுப் பயணிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவரை வரவேற்பது வரிசைதான்.

அதிலும் இரண்டு வகை. ஒன்றில் பெட்டியும் மூட்டையும் கைக்குழந்தையுமாகப் பலர் நெளிந்து நிற்கிறார்கள். பக்கத்து வரிசையில் மூன்றே பேர். மூவரும் பிசினஸ் கிளாஸ் பயணிகள் என்று நினைத்தால் தவறு. அவர்களில் ஒருவர் எல்லோரையும் போல எகானமி டிக்கெட் வாங்கியவராக இருக்கலாம். வித்தியாசம், அவரிடம் உள்ள தங்க அட்டை.

அடிக்கடி பறப்பவரைத் தக்கவைக்கும் இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. 1978இல் அங்கு விமானக் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்து போட்டி முற்றியதும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. யார் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதை அதன் முன்பதிவுக் கணிப்பொறி காட்டிக்கொடுத்தது. ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரைத் தமிழாக்கினால் 'விசுவாசத் திட்டம்' என்றுதான் வரும். விசுவாசம் யாருக்கு யார் மேல் என்பதுதான் கேள்வி.

இந்தியப் பயணிக்கு அதில் கசப்பான அனுபவம் உண்டு. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது, 'கிங் கிளப்' உறுப்பினர்கள் சேர்த்த மைல்களும் அதனோடு போயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 இரவு கடைசி விமானத்தை இயக்கியது. அதன் 'ஜெட்பிரிவிலேஜ்' திட்டத்தை நடத்தியது தனி நிறுவனம் என்பதால் மைல்கள் தப்பி, 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டன. ஆனால் பிளாட்டினம் அட்டையைக் காட்டி முன்வரிசையில் நிற்க விமானம்தான் இல்லை. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது நிலைமை பரவாயில்லை. 'கிளப் விஸ்தாரா' உறுப்பினர்கள் 'மகாராஜா கிளப்'புக்கு மாற்றப்பட்டார்கள்.

இதிலிருந்து புரிவது ஒன்று. மைல் வேறு, அந்தஸ்து வேறு. மைல் என்பது சேமிப்பு. இலவச டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். அந்தஸ்து என்பது பதவி. காலம் முடிந்தால் கழன்றுவிடும். சேமிப்பைச் சீக்கிரம் செலவழிப்பதும், பதவியை நம்பி வாழ்க்கைத் திட்டம் போடாமல் இருப்பதும் உத்தமம்.

இன்று தில்லியிலிருந்து தெற்கே பறப்பவருக்குத் தேர்வு பெரும்பாலும் இரண்டுதான். உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சுமக்கும் இண்டிகோ, நெடுங்காலம் இதெல்லாம் தேவையில்லை என்றிருந்துவிட்டு 2024இல் 'புளூசிப்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏர் இந்தியாவின் பலம் வேறு. 2014 ஜூலையில் அது 'ஸ்டார் அலையன்ஸ்' கூட்டணியில் சேர்ந்தது. அதன் கோல்டு, பிளாட்டினம் அட்டைக்காரர்களுக்குக் கூட்டணியின் தங்க அந்தஸ்தும் கிடைக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா என்று கூட்டணியில் எந்த விமானத்தில் போனாலும் ஓய்வறை, முன்னுரிமை வரிசை, எடைக் கணக்கில் 20 கிலோ கூடுதல் சாமான். சென்னையிலிருந்து அரிசி வடாமும் அப்பளமும் வெண்கலப் பானையும் சுமந்து வரும் தில்லித் தமிழ்க் குடும்பத்துக்கு, ஓய்வறைச் சோபாவைவிட அந்த 20 கிலோ பெரிது. வெள்ளி அட்டையில் ஏமாறக்கூடாது. கூட்டணியளவில் அது தருவது காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை, அவ்வளவுதான்.

ஒரே கூட்டணியில் எந்த நிறுவனத்தின் திட்டத்தில் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு மூன்று திட்டங்களில் சிதறவிட்டால் எதிலும் மேலே ஏற முடியாது. கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃபிளையர்' தங்கத்துக்கு 2024இல் ஓராண்டுக்குள் 50,000 மைல் தேவைப்பட்டது. தில்லி-சிங்கப்பூர் போய்த் திரும்பினால் சுமார் 5,150 மைல். முழு மைல் கிடைத்தாலே பத்து முறை போய் வர வேண்டும். மலிவு டிக்கெட்டுக்கு முழு மைல் கிடைப்பதில்லை. ஏர் இந்தியாவோ 2024இல் தூரக் கணக்கை விட்டுப் பணக் கணக்குக்கு மாறியது. கொடுத்த கட்டணத்துக்கு ஏற்பத்தான் புள்ளி. இரண்டு மாதம் முன்பே தேடிப்பிடித்து மலிவாக வாங்குபவர் பின்தங்குவார். கம்பெனி செலவில் கடைசி நேரத்தில் வாங்குபவர் ஏறிப்போவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவர் இந்த ஏணியில் கால் வைக்காமல், அந்தந்த நாளில் மலிவான டிக்கெட்டை வாங்குவதே லாபம்.

ஓய்வறை ஆசைக்காக மட்டும் ஏறுவதும் வீண். வங்கிக் கடன் அட்டைகள் வாசலை அகலத் திறந்துவிட்டதில், காலை வேளையில் ஓய்வறைக்கு வெளியேயும் வரிசை நிற்கிறது. கூட்டத்தையும் செலவையும் குறைக்க, மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் அனுமதி என்று பல வங்கிகள் நிபந்தனை போட்டுவிட்டன.

அந்தஸ்தின் உண்மையான மதிப்பு தெரிவது தில்லியின் பனிமூட்டத்தில்தான். டிசம்பர், ஜனவரி காலைகளில் விமானம் ரத்தாகும்போது, அடுத்த விமானத்தில் மிஞ்சும் நாலு இடத்துக்கு நாற்பது பேர் மோதுவார்கள். ஊரில் சாவு என்று கிளம்பியவரும் அதில் இருப்பார், கூட்டத்துக்குக் கிளம்பிய அதிகாரியும் இருப்பார். அங்கே அட்டை பேசும். துக்கம் பேசுவது கவுன்டரில் இருப்பவரின் மனதைப் பொறுத்தது.

அட்டையும் ஊமையாகும் நாள் உண்டு. விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்குத் தயாராகாத இண்டிகோ, 2025 டிசம்பர் 5 அன்று தில்லியிலிருந்து கிளம்பும் தன் உள்நாட்டு விமானங்கள் அனைத்தையும் நள்ளிரவு வரை ரத்து செய்தது. பறக்க விமானமே இல்லாதபோது முன்வரிசை எதற்கு? பாதிக்கு மேற்பட்டவர்களை ஒரே நிறுவனம் சுமக்கும் நாட்டில், அது படுத்தால் மற்ற நிறுவனங்களில் அத்தனை பேருக்கும் இடம் இருக்காது.

ஆகவே, எப்படியும் அடிக்கடி பறந்தே ஆக வேண்டியவர் போகும் தடத்துக்கு ஏற்ற ஒரே திட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அட்டை கிடைத்தால் அனுபவிக்கலாம். அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக மட்டும் ஆண்டுக் கடைசியில் டிக்கெட் வாங்கிப் பறக்கிறவர், விமானத்தில் போகவில்லை, வரிசையில்தான் நிற்கிறார்.