வேம்பு போன வாசல்

ஏப்ரல் 14

முன்வாசல் வேம்பு காற்றில் முறிந்து நாலு நாள். வாசல் முழுக்க வெயில். தெருப்பார்வை படாமல் இனி அங்கே உட்கார மதில் எழுப்பு என்பதுதான் எல்லோரும் சொல்கிற யோசனை. திருத்தணி வெயிலுக்கு அது ஒத்துவராது. செங்கல்லும் சிமெண்டும் பகலில் வாங்கிய சூட்டை இரவு எட்டு மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும், காற்றையும் மறிக்கும். மறைவைத் தருவது நிழலே. சுள்ளென்ற தெருவில் நடப்பவர் கண்ணுக்கு நிழலுக்குள் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். நிழலில் இருப்பவருக்குத் தெரு முழுதும் தெரியும். பழைய திண்ணை இந்தக் கணக்கில் நின்றதுதான்: தாழ்ந்த ஓட்டுச் சாய்ப்பு, இரண்டு மரத்தூண், அவ்வளவே. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய நாலடியில் இருக்கிறது. நிழல் மட்டும் போதாதென்றால் ஐந்தடி மூங்கில் தட்டியோ செம்பருத்தி வேலியோ தாராளம்.

ஏப்ரல் 17

எழுத ஓடவில்லை. வாசல் வெறிச்சென்று கிடக்கிறது.

ஏப்ரல் 25

திருத்தணி வடக்கே 13 டிகிரியைச் சற்றே தாண்டிய ஊர். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும்; இடைப்பட்ட நாளெல்லாம் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு வாசல் குளிர்ச்சி என்று நம்பியவர்கள் கத்திரியில் ஏமாறுவது இதனால்தான். சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் நாட்களில் எவ்வளவு உயர்ந்த மதிலும் உச்சிவேளையில் ஒரு சாண் நிழல் தராது, பந்தல் தரும். மாலையில் வெயில் சாய்ந்து அடிப்பதால் மேற்கே மட்டும் தட்டி. தகரம் கூடாது, தலைக்கு மேல் அடுப்பை வைத்த மாதிரி. தென்னங்கீற்றில் காற்று ஊடாடும். கீற்றின் சின்னப் பொத்தல்கள் கோணலும் மாணலுமாக இருந்தாலும் தரையில் விழும் வெளிச்சம் வட்டவட்டமாகவே இருக்கிறது. ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். உட்காரக் கடப்பைக்கல் போடலாம் என்பார்கள். கறுப்புக் கல், வெயில் பட்டால் இரண்டு மணிக்குக் கை வைக்க முடியாது. கயிற்றுக் கட்டிலே மேல், அடியிலும் காற்று வரும்.

மே 6

கீற்று மக்கும், தீப்பிடிக்கும், பாம்பு அண்டும் என்கிறார்கள். நியாயமான பயம்தான். மின்கம்பிக்கு எட்டாமல் பந்தல் போட வேண்டும். தட்டியின் கீழே ஓரடி திறந்திருந்தால் சருகு சேராது, பாம்புக்கு ஒளிய இடமிராது. முல்லையோ சங்குப்பூவோ ஏறிப் படரும் வரைக்கும்தான் கீற்று. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திரளும் ஊரில் நிழல் கண்ட இடத்தில் யாரும் உட்காருவார்கள்; உனக்கென்று தனியிடம் ஏது? உட்காரட்டும். திண்ணை வழிப்போக்கருக்கும் சேர்த்தே கட்டப்பட்டது. சில நாள் பகிர்ந்த நிழலால் மற்ற நாளின் தனிமை குறையாது. தட்டியைக் கழற்றி மாட்டும்படி கட்டினால் போதும். 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த ஊர் இது. திண்ணைக்குத் தெலுங்கில் ‘அருகு’ என்று பெயர்; தமிழில் அருகு என்றால் பக்கம். வேம்படியில் மதிலும் இருந்ததில்லை, தட்டியும் இருந்ததில்லை.

மே 9

வேம்பின் அடிக்கட்டையில் செந்தளிர். பந்தலின் தென்மேற்குக் கால் ஊன்ற வேண்டிய இடம் அதுதான். குழி இன்னும் தோண்டவில்லை.