ஐந்து நிமிட நடை

சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் முப்பது குதிரைகளும் அதற்காகவே நின்றன. முதல் குதிரையில் இருந்த பெண் கையை உயர்த்தியதும் இருபுறமும் கார், வேன், பள்ளிப் பேருந்து எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. விடிந்தும் விடியாத அக்டோபர் காலை. குதிரைகளின் மூச்சு வெண்புகையாக எழுந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் கலைந்தது. கடைசிக் குதிரையின் வால் வளைவில் மறைந்த பிறகுதான் ஊர் மறுபடி நகர்ந்தது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் வரும் நியூமார்க்கெட்டில் எல்லாக் காலைகளும் இப்படித்தான். சிறிய ஊர். அதில் ஏறத்தாழ 3,000 பந்தயக் குதிரைகள் பயிற்சியில் இருக்கின்றன. அவை நடக்க ஊருக்குள்ளேயே தனிப் பாதைகள் உண்டு. ஊரைச் சுற்றிய பரந்த புல்வெளியை ‘ஹீத்’ என்கிறார்கள். மதியம் ஒரு மணி வரை அது குதிரைகளுக்கு; அதற்குப் பிறகுதான் நம்மைப் போல் காலாற நடக்க வருகிறவர்களுக்கு. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1671-இல் இங்கே தாமே சேணமேறிப் பந்தயம் வென்றிருக்கிறார். ரௌலி மைல் என்ற புகழ்பெற்ற ஓடுதளம் அவருடைய பட்டப்பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

நான் வந்தது பாய்ச்சலைப் பார்க்க. வாரன் ஹில் சரிவின் மேல் இரண்டு காலை நின்றேன். முதலில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. காலடியில் மண் லேசாக அதிரும். பிறகு தூரத்துப் பறை போல ஓர் ஒலி. பிறகு பனிக்குள்ளிருந்து இரண்டிரண்டாக வெளிப்பட்டு, நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் என்னைக் கடந்து மேலேறிப் போய்விடும். நாலுகால் பாய்ச்சல் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பாய்ச்சலின் ஒவ்வோர் எட்டிலும் ஒரு கணம் நான்கு குளம்புகளுமே மண்ணில் இல்லை என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

இரண்டாம் நாள் என் பக்கத்தில் வந்து நின்றவர் ராஜஸ்தான்காரர். இந்த ஊரின் லாயங்களில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பிறந்த ஊரில் குதிரையோடு வளர்ந்தவர்கள். என் உடைந்த இந்தியைப் பொறுத்துக்கொண்டு பேசினார். “தீதி, ஓடுகிற குதிரையை எல்லாரும் வந்து பார்க்கிறார்கள். நான் வேலை செய்கிற இடத்தில் ஒருவன் ஐந்து வாரமாக நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்க்க வருகிறீர்களா?” என்றார்.

மறுநாள் விடியற்காலையில் போனேன். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், ஓட்டுக்கூரை போட்ட பழைய லாயம். காயம்பட்ட குதிரைகளை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் சின்னக் கரும்பலகை. அதில் சாக்கட்டியால் ஓர் எண். சிலவற்றில் சுழியம், ஒன்றில் 10, கடைசிக் கதவில் 25. அன்றைக்கு அந்தக் குதிரை நடக்க வேண்டிய நிமிடங்கள் அவை.

இருபத்தைந்து எழுதியிருந்த கதவுக்குப் பின்னால் நின்றவன்தான் நான் பார்க்க வந்தவன். கபில நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அவன் பெயரை எழுத வேண்டாம் என்று லாயத்தின் தலைவி கேட்டுக்கொண்டார். அறுபதை நெருங்கும் பெண்மணி. எனக்கு வணக்கம் சொல்வதற்கு முன் அவனுடைய இடது முன்னங்காலின் பின்புறத்தைக் கையால் மேலிருந்து கீழாக வருடினார். கண்களை மூடிக்கொண்டிருந்தார். பிறகு வலது கால். மறுபடி இடது. இரண்டுக்கும் சூட்டில் வித்தியாசம் இருக்கிறதா, எங்கேனும் மயிரிழை அளவு வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார். நடைக்கு முன்னும் பின்னும், ஒரு நாள் தவறாமல்.

அவர் விரல்கள் போன இடத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. குதிரையின் முன்னங்காலில் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருப்பது ஒரே ஒரு விரல். குளம்பு அந்த விரலின் நகம். அவ்வளவு பெரிய உடலின் எடை போய் இறங்குகிற அந்த இடத்தில் சதை என்பதே இல்லை. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். பாய்ச்சலின் ஒவ்வோர் எட்டிலும் ஐந்நூறு கிலோ உடம்பு ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறது. அப்போது பின்புறத் தசைநாண் தன் நீளத்தில் 16 சதவீதம் வரை இழுபட்டு, வில்நாண் போல மீண்டு, அடுத்த எட்டுக்கு உந்துகிறது. இழுபட்டு மீளும் உழைப்பில் அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதை அளந்திருக்கிறார்கள். வாரன் ஹில்லில் நான் வாய்பிளந்து பார்த்த அழகு இந்த விரற்கடை அகல நாணில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜூலையில் இவனுடைய நாணின் நடுவில் கிழிந்தது. முதல் நாட்களில் பனிக்கட்டி, கட்டு, வீக்க மருந்து. பிறகு எட்டு வாரம் பாக்ஸ் ரெஸ்ட். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடிக் கொட்டடி. இருபத்து நான்கு மணி நேரமும் அதற்குள்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. மேய்ச்சலில் விட்டால் நாளில் பதினாறு மணி நேரம் போலக் கடித்துக்கொண்டே நகர்கிற பிராணி அது. அதைச் சட்டென்று நிறுத்தினால் முதலில் கெடுவது குடல். ஓட்ஸை அன்றைக்கே குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செலவாக இடமில்லாத தெம்பு முழுவதும் வெறியாக மாறும். உலர்புல்லைச் சின்னக் கண்ணுள்ள வலையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், மெதுவாக, நீண்ட நேரம் தின்னட்டும் என்று. சாணம் எத்தனை முறை போட்டது என்று எண்ணுகிறார்கள். தனிமை தாங்காமல் சில குதிரைகள் கதவருகே நின்று இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கும்; மணிக்கணக்கில் ஆடும். அப்படிப்பட்டவற்றுக்குச் சுவரில் உடையாத கண்ணாடி மாட்டுகிறார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் குதிரையைத் துணை என்று நம்பி அவற்றில் பல அடங்கிவிடுகின்றன. அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இவனுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. ஒரு வெள்ளாட்டைத் துணைக்குக் கட்டியிருந்தார்கள். நான் போனபோது அது அவன் புல்லைத்தான் தின்றுகொண்டிருந்தது.

நல்ல காலுக்கும் கட்டுப் போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். “அடிபட்ட கால் சாய்ந்தால் சுமை முழுவதும் இதன் தலையில்” என்றார் தலைவி. 2006-இல் அமெரிக்காவில் பார்பரோ என்ற குதிரைக்கு நேர்ந்ததைச் சொன்னார். கென்டக்கி டெர்பி வென்ற இரண்டே வாரத்தில், பிரீக்னஸ் பந்தயத்தில் அதன் வலது பின்னங்கால் நொறுங்கியது. தகடும் திருகுகளும் வைத்துச் சேர்த்தார்கள். முறிந்த எலும்பு கூடிவந்தது. ஆனால் பாரத்தைத் தாங்கிய இடது பின்னங்காலின் குளம்புக்குள் அழற்சி ஏறி, கடைசியில் முன்னங்கால்களுக்கும் வந்துவிட்டது. 2007 ஜனவரியில் அதை உறங்க வைத்தார்கள். அவர் அதைச் சொன்ன விதத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டதாகவே தெரியவில்லை.

அன்று காலை முதல் நடை வேறொரு குதிரைக்கு. மூன்று வயதுப் பெண் குதிரை, இடுப்பெலும்பில் விரிசல். முதல் சில வாரங்கள் படுக்கக்கூட விடாமல் கட்டி வைத்திருந்தார்களாம், எழும்போது விரிசல் பிளந்துவிடக் கூடாதே என்று. அன்றுதான் அது வெளியே வருகிறது. பலகையில் இருந்த சுழியத்தை அழித்து 5 என்று எழுதியிருந்தார்கள். இலேசான மயக்க மருந்து கொடுத்திருந்தும் வாசலைத் தாண்டியதும் அதன் கழுத்து வளைந்து உயர்ந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்தன. ஓர் இலை உருண்டது. அதற்கே நான்கு கால்களும் ஒன்றாகத் துள்ளின. குதிரையின் நடையை ஐந்து கதியாக வகுத்து, அதில் ஒன்றுக்கு மயிலின் பெயரை வைத்தார்கள் நம் முன்னோர். மயூரகதி என்ற சொல்லை ஏட்டில்தான் படித்திருக்கிறேன். இந்தச் சஃபோக் மாவட்ட மண்ணில், ஈரச் சிமெண்டுத் தரையில், வளையக் கடிவாளம் பூட்டிய ஒரு நோயாளிக் குதிரையிடம் அதை நேரில் கண்டேன். எவ்வளவு அழகோ அவ்வளவு ஆபத்து. ராஜஸ்தான்காரர் தோளால் அதன் தோளை ஒட்டியபடி, மார்வாரியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். கயிற்றை இழுக்கவே இல்லை. ஐந்து நிமிடம் முடிந்து அது உள்ளே போனபோது அந்தக் குளிரிலும் அவர் சட்டை நனைந்திருந்தது.

சேண அறையில் தேநீர் குடித்தோம். சுவரில் ஒரு பழைய செய்தித்தாள் படம்: வேலியைத் தாண்டும் ஒரு குதிரை. “ஆல்டனிட்டி. இந்த வேலைக்கு நான் வந்ததே இவனால்தான்” என்றார் தலைவி. பெயர் எங்கோ கேட்டது போலிருந்தது. தசைநாண் காயத்தால் மீண்டும் மீண்டும் வீழ்ந்த குதிரை. 1979 நவம்பரில் சான்டவுன் பந்தயத்தில் மறுபடி கால் போனது. அதே ஆண்டில்தான் அதன் சவாரிக்காரர் பாப் சாம்பியனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. மருத்துவமனையில் அவர், கொட்டடியில் அது. பயிற்சியாளர் ஜாஷ் கிஃபோர்ட் இருவருக்காகவும் காத்திருந்தார். ஓராண்டுக்கு மேல் எந்தப் பந்தயமும் இல்லை. 1981 பிப்ரவரியில் ஆஸ்காட்டில் திரும்பி வந்து வென்றது. ஏப்ரல் 4 அன்று, லிவர்பூல் எயின்ட்ரீ மைதானத்தில், நான்கு மைலுக்கு மேல் ஓடி முப்பது தடைகளைத் தாண்டும் கிராண்ட் நேஷனலில், முதல் வேலியிலேயே விழப் பார்த்து, சமாளித்து, கடைசியில் நான்கு உடல் நீள வித்தியாசத்தில் வென்றது. மேலே இருந்தவர் பாப் சாம்பியன்.

அந்த வெற்றியை உலகம் கொண்டாடியது, படமும் எடுத்தது. தலைவிக்குப் பிடித்த பகுதி வேறு. 1987-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, ஆல்டனிட்டியை லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து எயின்ட்ரீ வரை அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் ஆள் மாற்றி ஆள் ஏறிக்கொண்டார்கள். “நடந்தே போனான். அந்தக் கால்களோடு” என்றார்.

நடையில் அப்படி என்ன இருக்கிறது? கிழிந்த இடத்தை உடம்பு அவசரத்தில் ஒட்டுப்போடுகிறது. புதிய இழைகள் சிக்குப்பிடித்த நூல் போல எல்லாத் திசையிலும் கிடக்கும். அவற்றை நீளவாக்கில் படிய வைப்பது இழுவைதான். இழுக்காமலே விட்டால் தழும்பு விறைத்துப்போகும். கூடுதலாக இழுத்தால் மறுபடி கிழியும். ஆகவே நேரான, கெட்டியான, சமமான பாதையில் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகிறார்கள். வளைவுகள் பிறகு. துள்ளோட்டம் அதற்கும் பிறகு, அதுவும் முதலில் ஒன்றிரண்டு நிமிடம்தான். பாய்ச்சலுக்குத் திரும்ப ஒன்பது மாதம், ஓராண்டு, சிலவற்றுக்கு அதற்கும் மேல். இவ்வளவும் செய்த பிறகும் அதே நாண் மறுபடி கிழிவது அபூர்வமல்ல. தழும்பு எந்நாளும் பழைய நாண் ஆவதில்லை.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு அன்பும் ஓட்டி ஓட்டி முறித்த பிறகுதானா வர வேண்டும்? செலவுக்கு அஞ்சி இங்கே அனுப்பப்படாத குதிரைகள் என்ன ஆகின்றன?

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “எல்லாவற்றுக்கும் இந்த ஓராண்டு கிடைப்பதில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். நீங்கள் கேட்டதை நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பதில் தெரியும் வரை இவன் காலைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாதே” என்றார். அந்தப் பந்தயங்களை என்னால் பழையபடி பார்க்க முடியாது. அவரை மதிக்காமல் இருக்கவும் முடியாது.

நான் புறப்படும் நாளில் கால்நடை மருத்துவர் வந்தார். பின்னங்கால்களை ஊன்றி, கண் பாதி மூடி நின்றவனின் காலில் பசை தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தார். நலமான நாண் திரையில் நெருக்கமாக நெய்த வெள்ளை இழைகளாகத் தெரிகிறது. கிழிந்த இடம் கருப்பு. ஜூலைப் படத்தில் அது புளியங்கொட்டை அளவு இருந்தது. இப்போது சாம்பல் நிறமாக மங்கி, சில இடங்களில் வெள்ளை இழை ஓடியிருந்தது.

அடுத்து சிமெண்டுப் பாதையில் ஒரே ஒரு முறை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முப்பது எட்டுத் துள்ளோட்டம். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையைத் தொடும்போது குதிரை தலையைத் தூக்கிவிடும். எல்லாரும் தலையைப் பார்த்தார்கள். தலைவி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு காதைக் கொடுத்தார். டக் டக், டக் டக். நானும் கண்ணை மூடிக் கேட்டேன். தாளம் எங்கும் தட்டவில்லை. திரும்பி வந்தபோதும் அதே தாளம்.

மருத்துவர் தலையசைத்தார். யாரும் கைதட்டவில்லை. ராஜஸ்தான்காரர் மட்டும் அவன் நெற்றிப் பொட்டில் தன் நெற்றியை ஒரு கணம் வைத்து எடுத்தார். தலைவி கொட்டடிக் கதவுக்குப் போய், புறங்கையால் 25-ஐ அழித்துவிட்டு 30 என்று எழுதினார். சாக்கட்டித் தூளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, கண்களை மூடி, இடது காலை மேலிருந்து கீழாக வருடத் தொடங்கினார்.