ஆமைக்குக் காவல்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காது" என்பார்கள். லண்டனில் என் மகள் வீட்டில் ஹெர்மன் ஜாதி ஆமை ஒன்று புகுந்து ஏழு வருடம் ஆகிறது. வீடு நன்றாகத்தான் இருக்கிறது; ஆமைதான் பாவம். மகளும் மாப்பிள்ளையும் மாதத்தில் பாதி நாள் வேலை விஷயமாக வெளியூரில்.

இரண்டு நாள் சாப்பிடாவிட்டாலும் ஆமை தாங்கும் என்றுதான் வாங்கினார்களாம். வாஸ்தவம்தான். ஆனால் சூடு இல்லாமல் அதற்குச் சரிப்படாது. விளக்கடியில் 30 டிகிரிக்கு மேல் காய்ந்தால்தான் தின்ற இலை செரிக்கும். பல்பு ஃபியூஸ் போனால், நாய் மாதிரி குரைத்துச் சொல்லத் தெரியாது. ஓட்டுக்குள் சுருங்கிக் கிடக்கும். ஆள் வந்து பார்த்தால்தான் உண்டு.

நான் அங்கிருந்தவரை காலையில் டேன்டலியன் இலை பறித்துப் போடுவது, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவது எல்லாம் என் பொறுப்பு. என் விசாவோ 6 மாதம். அதன் ஆயுளோ 50 வருடத்துக்கும் மேல் போகக்கூடியது. கிளம்பும்முன் மகளிடம் சொல்லி, பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு சாவி கொடுக்கச் செய்தேன். அவரிடம் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: "அவர்கள் ஊரில் இல்லாத நாளில் தினமும் ஒருமுறை வந்து, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இலை போடுவது அப்புறம்."