டப்பாவுக்கும் உண்டு டபுள் என்ட்ரி!

பண்டிகைக்கு வாழ்த்து சொல்வது ரொம்ப சுலபம் ஸார். எந்தப் பண்டிகைக்கு வாழ்த்து சொல்லக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் கஷ்டம்.

காலண்டரில் சிவப்புத் தேதி தெரிந்தால் போதும், நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும். ‘ஹாப்பி குட் ஃப்ரைடே!’ என்று பலூன் படத்தோடு ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் ஒன்று வந்து விழும். இயேசுவைச் சிலுவையில் அறைந்த நாள் அது. அதற்குப் போய் பலூன்! மொஹரம் லீவு என்றதும் அடுத்தவர் ‘இனிய மொஹரம் நல்வாழ்த்துக்கள்’ என்று கிளம்புவார். ஷியா முஸ்லிம்களுக்கு அது துக்க நாள். ஆயிரம் விளக்கு மசூதிப் பக்கம் அன்றைக்குப் போய்ப் பாருங்கள், ஸ்வீட் பாக்ஸோடு ஒருத்தரும் நிற்க மாட்டார்கள்.

அப்படியானால் வாழ்த்தே சொல்லக் கூடாதா? சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் டப்பாவுக்குள் பலகாரம் இருப்பது மாதிரி வாழ்த்துக்குள் விஷயம் இருக்க வேண்டும். வெறும் டப்பா சத்தம்தான் போடும்.

டப்பா விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் வளர்ந்தது திருவொற்றியூரில் ஒரு லைன் வீட்டில். ஒரே வரிசையில் ஆறு குடித்தனம், ஆறுக்கும் சேர்த்து ஒரே குழாய். ஃபாக்டரி சங்கு ஊதினால் பாதி லைன் வேலைக்குக் கிளம்பும், மீதிப் பாதி தூங்க வரும். முதல் வீடு நாங்கள். பக்கத்தில் ஒரு பாய் குடும்பம். மூன்றாவது வீட்டில் ராயபுரத்திலிருந்து வந்த கிறிஸ்தவ அக்கா. நடுவில் இரண்டு வீடுகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கடைசி வீட்டில் ஒரு சைவ வாத்தியார்.

பண்டிகை வந்தால் டப்பா நகரும். எவர்சில்வர் டப்பா, மூடியில் பெயர் வெட்டியது. காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்பது லைனின் எழுதாத சட்டம். வீட்டில் ஒன்றுமே இல்லையென்றாலும் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். பிற்பாடு பி.காம். சேர்ந்தபோது, ‘ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு உண்டு’ என்று டபுள் என்ட்ரி நடத்தினார்கள். க்ளாஸே முழி பிதுங்கியது. எனக்கு மட்டும் உடனே புரிந்து விட்டது. எங்கம்மா இதைப் பல வருஷமாக டப்பாவில் நடத்திக்கொண்டிருந்தாளே!

அம்மாவிடம் இன்னொரு பேரேடும் இருந்தது. பேப்பரில் இல்லை, மண்டைக்குள். யார் வீட்டில் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்ற கணக்கு.

தீபாவளிக்கு அதிரசம் சுட்டதும் சாமி முன்னால் வைப்பதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியாக எடுத்து மூடி வைத்து விடுவாள். அது பாய் வீட்டுப் பங்கு. ஏம்மா என்று கேட்டால், “சாமிக்குப் படைச்சதை அவங்க சாப்பிட மாட்டாங்கடா. நான் சுட்டதைச் சாப்பிடுவாங்க. ரெண்டும் வேற வேற” என்பாள். மூன்றாவது வீட்டு அக்கா பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்த பிறகு, படைத்தது அவருக்கும் ஆகாது என்று ஆயிற்று. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தனியாக எடுத்து வைக்கும் பங்கில் நாலு அதிரசம் கூடியது. அவ்வளவுதான். தீபாவளிக் காலை எங்கள் வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும். கறிச்சட்டி அடுப்பேறும் முன்பே வாத்தியார் வீட்டு முறுக்கு டப்பாவில் ஏறியிருக்கும்.

பாய் வீட்டம்மாவும் இந்த சப்ஜெக்டில் அம்மாவுக்குச் சளைத்தவர் இல்லை. பக்ரீத் குர்பானிக் கறியை மூன்று பங்காக்குவது அவர்கள் வழக்கம். வீட்டுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. வேண்டியவர்கள் லிஸ்டில் எங்கள் வீடு உண்டு. வாத்தியார் வீட்டுக்கு மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும், கடையில் கட்டிய கட்டு பிரிக்காத பால்கோவாவும் போகும். “எங்க அடுப்புல செஞ்சது அவருக்கு ஆகாதுப்பா” என்று சொல்லுவார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. வாத்தியார் பொங்கலுக்கு என்ன அனுப்புவார் தெரியுமோ? முழுக் கரும்பு. கரும்பை யார் வேண்டுமானாலும் கடிக்கலாம். பல் இருந்தால் போதும்.

வட சென்னையில் இந்தப் பாடத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஹார்பரும் ரயிலும் கொண்டு வந்து இறக்கிய ஜனங்கள் ஒரு ரகமா, இரண்டு ரகமா! தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அந்த ராயபுரம் என்ற பெயரே ராயப்பர், அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது. அவர் பெயரில் கடற்கரைக்காரர்கள் கட்டிய சர்ச் இன்றும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயம் அந்தப் பக்கத்து வீடுகளில் ‘ரோஸ் குக்கீஸ்’ என்று ஒரு பலகாரம் செய்வார்கள். பெயரைக் கேட்டு பயந்து விடாதீர்கள். நம் வீட்டு அச்சு முறுக்கேதான். அச்சு ஒன்று, எண்ணெய்ச் சட்டி ஒன்று, பண்டிகைதான் வேறு.

அதே ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் ஒன்று இருக்கிறது. கிளப்வாலா குடும்பத்துத் தந்தை ஒருவர், இறந்துபோன மகன் ஜால் நினைவாகக் கட்டி, 1910-ல் திறந்தது. பார்சிகள் இங்கே எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு. அவர்கள் புத்தாண்டுக்கு ‘நவ்ரோஸ் முபாரக்’ என்று சொன்னால் சந்தோஷப்படுவார்கள். வாழையிலையில் பச்சை சட்னி தடவி, மீனைச் சுற்றி ஆவியில் வேக வைக்கும் ‘பத்ரா நி மச்சி’ அவர்கள் விருந்து அயிட்டம். காசிமேட்டுக்காரர்கள் கேட்டால் ‘அட, நம்ம சரக்கு’ என்பார்கள். ஆனால் ஹோட்டல் மெனுவில் பிரபலமான ‘தன்சாக்’ இருக்கிறதே, பருப்பும் கறியும் சேர்த்துச் செய்வது, அதை நல்ல நாளில் அவர்கள் வீட்டில் எதிர்பார்க்காதீர்கள். ஒருவர் இறந்தால் மூன்று நாள் கறி சாப்பிடாமல் இருந்து, நாலாம் நாள் சாப்பிடுவது அது. அதனால் விசேஷங்களில் சமைக்க மாட்டார்கள். பார்சி நண்பரைக் குஷிப்படுத்த புத்தாண்டுக்கு ஆர்டர் பண்ணிக் கொடுத்தீர்களானால், நம்ம ஊர் கல்யாணத்தில் கருமாதிச் சாப்பாடு போட்ட கதையாகி விடும்.

இன்னும் வடக்கே எண்ணூருக்குப் போனால் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள். அங்கே 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், 1964 வாக்கில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்கள். 1969-ல் பர்மா பஜார் வந்தது. அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் வந்தன. செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ சாப்பிடாத குமாஸ்தா உண்டா?

எண்ணூர்ப் பாட்டி ஒருவர் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். நம்ம சித்திரை முதல் தேதியை ஒட்டித்தான் பர்மாவிலும் புத்தாண்டு. ‘திஞ்சான்’ என்று பெயர். தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். அரிசி மாவு உருண்டைக்குள் வெல்லம் வைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, மிதந்ததும் எடுத்துத் தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்று விட்ட தங்கச்சி. “அதுல ஒரு குறும்பு உண்டு தம்பி. நடுவுல ஏதோ ஒண்ணு ரெண்டுல வெல்லத்துக்குப் பதிலா பச்சை மொளகா வச்சிருவாங்க. எது எவனுக்குப் போகுதுனு யாருக்கும் தெரியாது!” சிரித்து முடித்து விட்டுச் சொன்னார்: “இங்க வந்தப்புறம் ஒருத்தரும் எங்க வருஷப் பொறப்புக்கு என்ன செய்வீங்கனு கேட்டதில்ல. அத்தோ எங்க நல்லாருக்கும்னுதான் கேப்பாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நாம் எல்லோரும் இப்படித்தான். பண்டத்தைத் தெரிந்து கொள்கிறோம். மனுஷரை விட்டு விடுகிறோம்.

ஆபீஸில் நடப்பதும் அதுதானே? ரம்ஜான் வந்தால் வாழ்த்தா சொல்கிறோம்? “பாய், பிரியாணி எங்கே?” இதுதான் நம் தேசிய வாழ்த்து! பாவம் அந்த மனிதர், பத்துப் பேர் நச்சரிப்புக்குக் கடையில் அண்டாக் கணக்கில் ஆர்டர் பண்ணிக்கொண்டு வருவார். ஒரு மாதம் பகலில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாரே, விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்து சாப்பிட்டார், நோன்பு திறக்கிற நேரத்தில் மீட்டிங் போட்டுப் பிடித்து வைத்தோமே... யாராவது கேட்டோமா? சரி, தீபாவளிக்கு அவருக்கு நாம் என்ன கொடுத்தோம்? மாமனார் வீட்டில் வந்து, மைத்துனர் கைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்த சோன்பப்டி. இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் கையெழுத்துப் போட மாட்டார்.

கணக்கை நேராக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணி பெரிய மசூதி 1795-ல் கட்டியது. ரம்ஜான் மாதம் அங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சாப்பாடு கொண்டு வந்து பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் டிரஸ்ட்காரர்கள். தேசப் பிரிவினையில் ஊரை விட்டு வந்த சிந்திக்காரர் தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு. கொண்டு வருவது சுத்த சைவம். கொடுக்கிறவர் தன் வழக்கத்தை விடவில்லை. வாங்குகிறவர் ‘கறி எங்கே’ என்று கேட்கவில்லை. இரண்டு பக்கமும் டேலி!

கடல் தாண்டினாலும் இதே கதை. மலேசியத் தமிழர்கள் தீபாவளிக்கு ‘திறந்த இல்ல உபசரிப்பு’ நடத்துவார்கள். மலாய்க்காரர், சீனர் எல்லோரும் வருவார்கள். மலாய் நண்பர்கள் தயங்காமல் சாப்பிட வேண்டுமென்று பல வீடுகளில் ஹலால் சமையல்காரரிடம் சொல்லி வைப்பார்கள். சீனப் புத்தாண்டுக்குப் போகிறவர்கள் இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டு போய்க் கொடுப்பார்கள். கிளம்பும்போது வீட்டுக்காரர் இரண்டு ஆரஞ்சைத் திருப்பிக் கொடுப்பார். நம்ம லைன் வீட்டுச் சர்க்கரைதான், அங்கே ஆரஞ்சு வேஷம் போட்டிருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், காரணம் உண்டு.

போன வருஷம் நண்பன் ஒருவனுக்கு வீடு பார்க்க அலைந்தேன். லைன் வீடுகள் இடிந்து ஃப்ளாட்டாக நிமிர்ந்து கொண்டிருக்கிற காலம். ஹவுஸ் ஓனர் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்து விட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தம்பி வீட்டுல என்ன சாப்பிடுவீங்க?” நண்பன் சொன்னான். “யோசிச்சு போன் பண்றேன்” என்றார். அந்த போன் இன்னும் வந்து கொண்டே இருக்கிறது. கேட்டின் மேல் ‘சைவம் மட்டும்’ என்று போர்டே தொங்க விட்டால் பெட்ரோல் செலவாவது மிச்சம் என்றான் நண்பன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதற்குப் பிறகு வண்டியில் வரும்போது இருவரும் பேசவில்லை.

யோசித்துப் பாருங்கள். அம்மா தெரிந்து வைத்திருந்ததும் அதே தகவல்தான், ஹவுஸ் ஓனர் கேட்டதும் அதே தகவல்தான். அடுத்த வீட்டுக்காரர் எதைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிட மாட்டார். அம்மா அதை வைத்துக்கொண்டு தனியாக ஒரு டப்பா எடுத்து வைத்தாள். இவர் அதை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

வட சென்னையில் சாத்தாத கதவுகளும் உண்டு என்பதுதான் ஆறுதல். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்கோடு நிற்கிற வரிசையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழுக்குச் சொம்போடு நிற்கிற வரிசையும் அப்படித்தான். கரண்டி பிடித்தவர் பாத்திரத்தைத்தான் பார்க்கிறார், பெயரைக் கேட்பதில்லை.

ஆகவே ஆபீஸ் நண்பர்களே, அடுத்த பண்டிகைக்கு படம் ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன்னால் பக்கத்து ஸீட்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “அன்னிக்கு உங்க வீட்ல என்ன செய்வீங்க?” சிலர் வாய் நிறையச் சொல்லுவார்கள். சிலர் ‘அன்னிக்கு நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம், அது எங்களுக்குத் துக்க நாள்’ என்பார்கள். பலூன் செலவு மிச்சம். கேட்ட மரியாதைக்கு என்றைக்காவது ஒரு நாள் உங்கள் மேஜைக்கு ஒரு டப்பா வரும்.

சாப்பிட்டு விட்டுக் கழுவித் துடைத்து, ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

தயவு செய்து சோன்பப்டி மட்டும் வேண்டாம்.